கூப்பிடு தூரம்

ஊளை என்று கூப்பிட்டால் திரும்பக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள அந்தப் புது ஆளுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

வந்த புதிதில் ஒவ்வொரு தடவையும் திரும்பினான். பழைய காகிதத்தைக் கம்பி போட்டுக் கட்டுக்கட்டாக, வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் காகித ஆலை முற்றம் அது. கட்டுகளுக்கு நடுவில் ஆள் போகிற அளவுக்குச் சந்துகள். எந்தச் சந்துக்குள்ளிருந்தாவது எவனாவது நரி மாதிரி ஊளையிடுவான். புது ஆள் கையிலிருக்கும் கொக்கியைப் போட்டுவிட்டு, யாருக்கோ ஆபத்து என்று விழுந்தடித்து ஓடி வருவான். வந்து பார்த்தால் நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் அவன் ஓடி வருவதை நிறுத்தினான். திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்தினான். முதுகுக்குப் பின்னால் யார் என்ன கத்தினாலும் குனிந்த தலை நிமிராமல் கம்பியை அறுத்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டான்.

இதையெல்லாம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தவனை ஆலையில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே வேலை வாங்குகிற மேஸ்திரியின் இரண்டாவது மகளைக் கட்டியவன். சரக்கு இறக்கும் மேடையில் நின்று, எந்தக் கட்டு நனைந்திருக்கிறது, எதை முதலில் கூழ்த் தொட்டிக்கு அனுப்புவது என்று சொல்வது அவன் வேலை. எல்லோரும் சிரிக்கும்போது அவனும் சிரிப்பான். சிரிப்புக்கும் ஒரு அளவு வைத்திருந்தான். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதிகமாகச் சிரித்தால் குரல் எழும்பிவிடும். குரல் எழும்பினால் தொலைந்தான்.

அந்த நகரத்தில் வெளியிலிருந்து பிழைக்க வருகிறவனைத் திட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை. பட்டிக்காடு, காட்டான், நாட்டுப்புறம் என்று வாய்க்கு வந்தது எல்லாம் உண்டு. ஆலையில் மட்டும் ஊளை. அதற்கு அர்த்தம் சொல்வதற்கென்றே ஒருவன் இருந்தான். கம்பி முறுக்கும் வேலைக்காரன், வாய் மூடாமல் வாதாடுவதால் வக்கீல் என்று பேர் வாங்கியவன். டீ குடிக்கிற நேரத்தில் பாடம் நடத்துவான்.

"பட்டின்னா மாடு அடைக்கிற இடம். காடுன்னா காடு. மாட்டையும் மனுஷனையும் ஒண்ணா அடைச்ச இடத்துலேர்ந்து அவுத்துக்கிட்டு வந்தவன் பட்டிக்காட்டான். ஊளைங்கிறது அதுக்கும் ஒரு படி கீழே. மூக்குல ஒழுகுறதும் ஊளைதான், நரி போடுறதும் ஊளைதான். நம்ம ஆளு ரெண்டுல எதுன்னு மூஞ்சியைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் அளவோடு சிரித்தான். அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று அங்கே அவனுக்குத்தான் தெரியும். மூக்கிலிருந்தும் வரவில்லை, நரியிடமிருந்தும் வரவில்லை. தொண்டையிலிருந்து வந்தது.

புது ஆளின் ஊர்ப் பக்கம், வயல்வெளியில் இந்த மூலையில் ஒருவன் நிற்பான், அந்த மூலையில் இன்னொருவன் நிற்பான். நடுவில் போய்ப் பேசிவிட்டு வர யாருக்கு நேரம் இருக்கிறது? அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுப்பார்கள். ஓ என்று ஆரம்பித்து, காற்றின் மேல் ஏறி, நெடுகப் போய், கடைசியில் கரும்பை ஒடித்த மாதிரி சட்டென்று வெட்டும். அந்த வெட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு விதம். கேட்டவன் உடனே பதில் கொடுக்க வேண்டும். குட்டையாக இரண்டு ஓ. இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் பாம்பு கடித்துவிட்டதோ, கிணற்றில் விழுந்துவிட்டானோ என்று கூப்பிட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவான். அதனால் பதில் கொடுக்காமல் இருப்பது அங்கே கேலி இல்லை, பெரிய தப்பு. பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னால் பதில் கொடுக்கத் தெரிந்துவிடும். தும்மலை நிறுத்தினாலும் நிறுத்தலாம், அதை நிறுத்த முடியாது.

மாப்பிள்ளை நிறுத்தியிருந்தான். மீசை முளைக்கிற வயதில் நகரத்துக்கு வந்து ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினான். கழுவிக்கொண்டே காதைத் தீட்டி வைத்து நகரத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டான். ஆலைக்கு வேலை கேட்டு வந்தபோது, இந்த ஊர்தான், அப்பா அம்மா இல்லை என்று சொன்னான். அப்பா இல்லை என்பது நிஜம். அம்மா இருந்தாள். போனில் பேசினாலும் வயல் வரப்பில் நிற்கிற மாதிரிதான் பேசுவாள். அவள் குரல் போனுக்கு வெளியே வந்து தெருவில் நிற்கும். அதனால் மீன் மார்க்கெட் இரைச்சலுக்குள் போய் நின்றுகொண்டுதான் அவளோடு பேசுவான். உயிரோடு இருக்கிற அம்மாவைச் சாகடித்துவிட்டு ஒளிந்து ஒளிந்து பேசுகிற பிழைப்பு.

அவனுடைய பயம் கற்பனை இல்லை. மேஸ்திரிக்கு ஒரு பெரிய மகள் இருந்தாள். இருந்தாள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். வெளியூரிலிருந்து கொத்து வேலைக்கு வந்த ஒருவனோடு போய்விட்டாள். ஒரு நாள் அந்த மருமகன் சமாதானம் பேச வாசலுக்கு வந்து நின்றான். மேஸ்திரி அவனைப் பேசி முடிக்க விடவில்லை. காட்டானுக்கு என் வீட்டுப் படியா என்று கேட்டு, வாளித் தண்ணீரை அவன் நின்ற இடத்தில் ஊற்றினாராம். மகள் தெருமுனையில் நின்று அழுதிருக்கிறாள். அதற்கப்புறம் அவள் பேச்சே அந்த வீட்டில் இல்லை. இதை மனைவி மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு, "அப்பா சொன்னா சொன்னதுதாங்க. நானா இருந்தாலும் அதே கதிதான்" என்றாள். அன்றைக்கு வயிற்றுக்குள் விழுந்த கல் இன்னும் கரையவில்லை. குடியிருப்பதோ மாமனார் வீட்டு மாடியில். ஆலைக்கும் வீட்டுக்கும் கூப்பிடு தூரம்.

புது ஆள் வந்ததிலிருந்து அந்தக் கல் உருள ஆரம்பித்தது.

அவன் மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வை சரியில்லை. ஒரு மத்தியானம் குழாயடியில் மாப்பிள்ளை கையைக் குவித்துத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?"

"இந்த ஊர்தான். ஏன்?"

"இல்லண்ணே. தண்ணி குடிச்சிட்டு மிச்சத்தைப் பிடரியில விட்டுக்கிட்டீங்க. எங்க பக்கம்தான் அப்படிச் செய்வாங்க. வெயில்ல நிக்கிறவங்க."

மாப்பிள்ளையின் கழுத்தில் வழிந்த தண்ணீர் ஐஸாகிவிட்டது. சட்டைக் காலரைத் தூக்கித் துடைத்துக்கொண்டு, வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு நடந்தான். முதுகில் அந்தப் பார்வை பூச்சி மாதிரி ஊர்ந்தது. அன்றிலிருந்து கிளாஸில் மட்டும்தான் குடித்தான். ஆலையில் நடக்கும்போது தன் காலைத் தானே பார்த்துக்கொண்டான். இன்னும் எத்தனை இடத்தில் தன் உடம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கிறதோ என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு நாள் அது நடந்தது.

இரவெல்லாம் பெய்ததில் கடைசி வரிசை நனைந்திருந்தது. அடிக்கட்டு நனைந்தால் இளகிவிடும், மேலே இருக்கிற பாரம் மெல்லச் சாயும். புது ஆள் அந்த வரிசைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் குனிந்து, சிதறிய காகிதத்தைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். வரிசைக்கு அந்தப் பக்கம் லோடர் வண்டி ஒரு கட்டைப் பல்லால் கவ்வித் தள்ளிக்கொண்டிருந்தது. இவன் இருப்பது வண்டிக்காரனுக்குத் தெரியாது, வண்டி தள்ளுவது இவனுக்குத் தெரியாது. மேடையில் நின்ற மாப்பிள்ளைக்கு இரண்டும் தெரிந்தது. வரிசையின் உச்சி சுவர்ப் பக்கமாகத் தலையாட்டுவதும் தெரிந்தது.

ஏய் என்று கத்தினான். கூழ் அரைக்கிற இயந்திரத்தின் இரைச்சலில் அது கரைந்தது. டேய், வெளியே வா என்று கத்தினான். புது ஆளின் தலை லேசாக அசைந்தது. காதில் விழுந்துவிட்டது, ஆனால் திரும்பவில்லை. கடைசியில் ஊளை என்றும் கத்திப் பார்த்தான். கேலிக்குத் திரும்பாத முதுகு அப்படியே இருந்தது. கீழே நின்றவர்களும் இது வழக்கமான விளையாட்டு என்று நினைத்து, ஆளுக்கொரு நரி ஊளை விட்டார்கள்.

உச்சிக்கட்டு ஒரு சாண் நகர்ந்தது.

அந்தக் குரல் மாப்பிள்ளையின் தொண்டைக்கு வந்து நின்றது. உதட்டைக் கடித்தான். தெருமுனையில் நின்று அழுத பெரிய மகளின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை, ஆனால் அந்த நொடியில் பார்த்தான். அவள் இடுப்பில் இருந்தது அவனுடைய பெண் குழந்தை. கீழே ஒரு மனுஷன் சாகப்போகிறான், நான் என் வீட்டை எண்ணிக்கொண்டு நிற்கிறேனே என்றும் தோன்றியது. இரண்டும் தோன்றின. எது ஜெயித்தது என்று அவனுக்குத் தெரியாது. வாய் திறந்துவிட்டது.

வருஷக்கணக்காகப் பூட்டி வைத்த குரல், துரு பிடிக்காமல் வந்தது. இயந்திர இரைச்சலின் மேல் ஏறிப் போய், கடைசியில் வெட்டியது. நரி ஊளை விடுகிறவர்களுக்கு வராதது அந்த வெட்டுதான்.

புது ஆள் விலுக்கென்று நிமிர்ந்தான். சாக்கை விட்டான். ஏன், எதற்கு என்று பார்க்கவில்லை. குரல் வந்த திசைக்கு ஓடி வந்தான். அவன் சந்துக்கு வெளியே வரவும் வரிசை அப்படியே சுவரில் சரிந்தது. நிலம் அதிர்ந்தது. வண்டிக்காரன் பயந்துபோய் எஞ்சினை அணைத்தான், எவனோ ஓடிப்போய் கூழ் இயந்திரத்தையும் நிறுத்தினான்.

அந்த அமைதியில், லாரிகளை எடை போடுகிற எடை மேடை அறைப் பக்கமிருந்து பதில் வந்தது.

குட்டையாக இரண்டு ஓ. வெட்டு வேறு பக்கத்து வெட்டு. ஆனால் பதில்தான், சந்தேகமே இல்லை.

எடை மேடை அறையில் இருந்தது மேஸ்திரி மட்டும்.

அவர் வாசலுக்கு வந்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம். கை தானாக வாயருகே போய், மீசையைத் தடவுவதுபோல் தடவியது. கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. இடிந்து கிடந்த கட்டுகளையும் மூச்சு வாங்கி நின்ற புது ஆளையும்தான் பார்த்தது. வக்கீல்தான் முதலில் பேசினான். உயிர் போகும்போதுகூட ஊளை ஊளைதான்டா, என்னமா விட்டான் பாரு என்றான். சத்தம் எல்லாம் அவனிடமிருந்துதான் வந்தது என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. புது ஆள் மறுத்துச் சொல்லவில்லை. மாப்பிள்ளை நின்ற மேடையைப் பார்த்தான். அப்புறம் தலையைத் திருப்பி எடை மேடை அறையைப் பார்த்தான்.

அதை மேஸ்திரியும் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தை தட்டைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். என்னடி, ஊளை மாதிரி கத்துற என்று அவள் அம்மா அதட்டினாள். மேஸ்திரி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவிக்கொண்டே, மொட்டை மாடிக்குக் கொஞ்சம் வாங்க மாப்பிள்ளை என்றார்.

மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஈரத் துணிக்கு நடுவில் நின்றார்கள்.

"இன்னைக்கு ஆலையில எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் மேஸ்திரி. "உங்களுக்கு?"

"எனக்கும் கேக்கல மாமா."

"நல்லது. அந்த ஆளுக்குக் கேட்டிருச்சு. நாளைக்குச் சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பிடுறேன். கவனமில்லாம சந்துக்குள்ள போனான்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

இத்தனை வருஷமாக எந்த மனுஷனுக்குப் பயந்து நாக்கைச் சுருட்டி வைத்திருந்தானோ, அந்த மனுஷன் விழப்போகிறவர் மாதிரி கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் பயம் குறைந்திருக்க வேண்டும். அதிகமானது. பயந்தவன் என்ன வேண்டுமானாலும் செய்வான் என்று அவனுக்குத் தெரியும், அவனே பயந்தவன்.

"அப்போ உங்க பெரிய பொண்ணை ஏன் மாமா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேஸ்திரி துணிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் வாசல்ல வந்து நின்னு பேசினான். பேச்சு அப்படியே எங்க அப்பன் பேச்சு. எனக்கு வாய்க்குள்ள நாக்கு புரண்டுச்சு. அவனை வீட்டுக்குள்ள விட்டா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நானும் அப்படியே பேசிடுவேன்." கயிற்றை விட்டார். "தண்ணியை ஊத்தினேன். வேற வழி தெரியல."

கீழே குழந்தை இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டான். இவளை ஒரு நாள் எந்த வாசலில் நிறுத்தி, எந்த வாளியை எடுக்கப்போகிறேன் என்று நினைத்தபோது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான்.

மறுநாள் வேலை முடிகிற நேரத்தில் மேஸ்திரி சொன்னபடி செய்தார். புது ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தவர்களைக் கடந்து போனான். மாப்பிள்ளை முன்னால் ஒரு நொடி நின்றான். "எனக்கு உயிரைக் கொடுத்தீங்க அண்ணே. போயிட்டு வரேன்" என்று தணிந்த குரலில் சொன்னான். மாப்பிள்ளை அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இயந்திரங்கள் நின்றுவிட்டன. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். அப்போது கேட்டுக்கு வெளியே, சாலைத் திருப்பத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. வயலைவிட்டுப் போகிறவன் வரப்பு திரும்பும்போது கொடுக்கிற குரல். நான் கிளம்புகிறேன், நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிற குரல்.

குழாயடி சிரித்தது. இரண்டு மூன்று பேர் பதிலுக்கு நரி ஊளை விட்டார்கள். அது பதில் இல்லை என்று மாப்பிள்ளைக்கும் மேஸ்திரிக்கும் தெரியும். கூப்பிட்டவனுக்கும் தெரியும்.

குரல் இரண்டாவது தடவை வந்தது. இந்தத் தடவை கிட்டத்தில்.

"திரும்பி வர்றான்" என்றார் மேஸ்திரி. குரல் பிசிறியது. கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "உள்ளே எதையோ எடுத்துட்டுப் போயிருக்கான், அதான் வர்றான். திருட்டுப் பயல். வந்தா விடாதே, பிடிச்சுப் போடு."

வாட்ச்மேன் தடியை எடுத்தான். திருடன் என்ற சொல் குழாயடிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. வக்கீல் சுவரில் மாட்டியிருந்த கொக்கியை எடுத்தான். காகிதக் கட்டைக் குத்தி இழுக்கிற கொக்கி, கறியிலும் அதே மாதிரிதான் இறங்கும். இன்னும் சிலர் எடுத்தார்கள். நேற்றைக்கு அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், இன்றைக்கு அடிக்கவும் ஊளை என்ற பேர் போதுமானதாக இருந்தது.

சாலையில் ஓடி வருகிற காலடி கேட்டது. பதில் வரவில்லை, அதனால் வருகிறான். மாப்பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று வருகிறான்.

மேஸ்திரி மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்தார். "வாயைத் திறக்காதீங்க" என்றார். மிரட்டல் மாதிரி ஆரம்பித்துக் கெஞ்சல் மாதிரி முடிந்தது. "உங்க பொண்டாட்டி புள்ளைய நினைச்சுக்கங்க."

அவர்களைத்தான் நினைத்தான். அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு, பிடரியை நிமிர்த்தி, பதில் கொடுத்தான். குட்டையாக இரண்டு ஓ. இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

காலடி நின்றது. அப்புறம் நிதானமாக நடந்து தள்ளிப் போகிற சத்தம் கேட்டது.

குழாயடியில் ஒருவரும் அசையவில்லை. கொக்கிகள் கையில் அப்படியே இருந்தன. இப்போது அவற்றின் முனை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. "மாப்பிள்ளை, நீயுமா?" என்றான் வக்கீல். கேலியா கேள்வியா என்று அவனுக்கே பிடிபடவில்லை போலிருந்தது. மாப்பிள்ளை அவர்கள் நடுவில் நடந்தான். முதுகுத் தோல் முழுவதும் காதாக இருந்தது. யாரும் கையை ஓங்கவில்லை. கேட்டைத் தாண்டிய பிறகுதான் தன் சட்டை நனைந்திருப்பது தெரிந்தது.

வீட்டுத் தெருவில் திரும்பினான். பின்னால் மாமனாரின் செருப்புச் சத்தம் வந்தது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.

மனைவி வாசலில் நின்றாள், இடுப்பில் பிள்ளை. கூப்பிடு தூரம் என்றால் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானே.

"யாருங்க அது, ஆலைப் பக்கம் அப்படிக் கத்தினது?"

படியைப் பார்த்தான். வாளித் தண்ணீர் ஊற்றிய படி.

"முதல்ல கூப்பிட்டது வேற ஆள். பதில் கொடுத்தது நான்தான்" என்றான். "நேத்துக் கூப்பிட்டதும் நான்தான். எங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவோம். எங்க அம்மா உயிரோட இருக்காங்க."

அவள் முகம் என்ன சொல்கிறது என்று அவனால் படிக்க முடியவில்லை. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். அவன் தோளுக்கு மேலாகத் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நேத்து ரெண்டு குரல் கேட்டுச்சே" என்றாள்.

பின்னால் செருப்புச் சத்தம் நின்றிருந்தது. மாப்பிள்ளை காத்திருந்தான். தெருவில் ஒரு சைக்கிள் போனது. பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் கூப்பிட்டவன்தான் போய்ப் பார்க்க வேண்டும். அவன் திரும்பி, தெரு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மாமனாரைப் பார்த்து நடந்தான்.